போறேன்னு சொல்லாதீங்க

தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர், "போறேன் பிலோ" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெளிய கிளம்புற மனுஷன் போறேன்னா சொல்லுவாரு? போயிட்டு வாரேன்னு சொன்னா வாய் கோணிக்குமா?"

அவர் சட்டைக் காலரில் இருக்கும் பொத்தானைத் தொட்டுக் காட்டுவார். அது பச்சையாக ஒளிரும். நான் வாயை மூடிக்கொள்வேன்.

அரசு அதற்கு வைத்த பெயர் எண்ணமானி. பனி உருகியபின் வடமுனையில் எழுந்த இந்த நகரத்தில் மனிதர்கள் இரண்டே வகை: நிரந்தரர், தற்காலிகர். நான் நர்ஸ் என்பதால் சீக்கிரமே நிரந்தரமாக்கிவிட்டார்கள். என் கணவர் தேவசகாயம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தற்காலிகர். அவர்களுக்கு இங்கே தங்கிவிடும் எண்ணமே வரக்கூடாது. "நம்ம வீடு" என்று மனசாரச் சொன்னால் போதும், எண்ணமானி குரலையும் நாடியையும் சேர்த்துப் பார்த்துச் சிவந்துவிடும். சிவந்தவரைக் கப்பலேற்றிவிடுவார்கள். மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

அதனால் மனிதர் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. சோபாவில் விருந்தாளி மாதிரி நுனியில்தான் உட்காருவார். நான் உண்டாகியிருக்கிறேன் என்று சொன்ன அன்றுகூட, "அப்படியா, சந்தோஷம்" என்றுவிட்டு சன்னலோரம் போய் நின்றுகொண்டார். "பாவி மனுஷா!" என்று தலையணையை விட்டெறிந்தேன். எந்நேரமும் கிளம்பத் தயாராக இருக்கிறவரோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

இத்தனை வருடம் சிவக்காமல் இருந்ததற்குப் பலனாக, நிரந்தர நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அந்த அறையில் மட்டும் விதி தலைகீழ். பொத்தான் சிவக்க வேண்டும்.

அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பி தமிழில் சொன்னது. "நீங்கள் இங்கேயே வாழ விரும்புகிறீர்களா?"

"ஆமாங்க. பொண்டாட்டி பிள்ளையோட இங்கதான் இருக்கணும்."

பச்சை.

"இன்னொரு முறை சொல்லுங்கள்."

வியர்த்து வழியச் சொன்னார். அப்போதும் பச்சை.

கூடப் போயிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், ஆசைய அமுக்கி அமுக்கியே பழகிட்டாரு. பழக்குனது நீங்கதானே!"

"மன்னிக்கவும். தங்கும் எண்ணம் காணப்படவில்லை. அவர் நாடு திரும்பி, அடுத்த ஆண்டு மறுபடி தற்காலிகராக விண்ணப்பிக்கலாம்."

திரும்பி வரும் வழியில் கேட்டேன், "நெசமாவே ஆசை இல்லையாங்க?"

"தெரியல பிலோ" என்றார். அவரை அனுப்பப்போகிறார்கள் என்பதைவிட இந்தப் பதில்தான் என்னைக் கொன்றது.

நானும் கூடப் போனால் என் நிரந்தரமும் வயிற்றுப் பிள்ளையின் உரிமையும் போய்விடும். ஆகவே வழியனுப்பத்தான் துறைமுகத்துக்குப் போனேன். "கேட்டைத் தாண்டுறவரைக்கும் பச்சையாவே இருங்க. அடுத்த வருஷம் வந்துரலாம்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

காவலர் பொத்தானைப் பார்த்துத் தலையாட்டினார். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"போ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போறேன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "இன்னிக்கு மட்டும் போறேன்னே சொல்லிருங்க. உங்க கால்ல விழுறேன்."

"போயிட்டு வாரேன் பிலோ."

பொத்தான் ரத்தமாய்ச் சிவந்தது. காவலர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். இனி வரவே முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க என் நெஞ்சு நிறைந்துபோனது. அடிப்பாவி, அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷம்!

"போயிட்டு வாங்க" என்றேன்.