நாலாம் வீட்டுக் குழாய்

பிளம்பர் மாரிச்சாமி லோடு ஆட்டோவிலிருந்து புது சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புகளை இறக்கியபோது மத்தியானம் பன்னிரண்டு மணி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் கோபாலசாமியின் பங்களாவுக்குப் பின்னால் ஆறு வாடகை வீடுகள் வரிசையாக உண்டு. அதில் நாலாம் வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் பால் காய்ச்ச வருகிறது. அதற்குள் துருப்பிடித்த இரும்புப் பைப்பை எடுத்துவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும்.

கோபாலசாமி பங்களா வாசலிலேயே அவனை நிறுத்தினார்.

"வீட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியுதத மட்டும் மாத்து. கார் ஷெட்டுக்கு அடியில போறதத் தொடாத. போன மாசந்தான் டைல்ஸ் போட்டிருக்கேன்."

"அதுதான் மொதலாளி சாக்கடைய ஒட்டிப் போறது. கரிசல் மண்ணு வெயிலுக்கு வெடிச்சு, மழைக்கு உப்பி, பைப்ப முறிச்சிப் போட்டுரும்."

"சொன்னத மட்டும் செய்யி."

மாரிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நாலாம் வீட்டைத் திறந்தான்.

வெளியே கண் கூசும் வெயில். உள்ளே சுவர் ஈரமாக இருந்தது. இரண்டு வருடமாக ஆள் புழங்காத வீட்டில், இப்போதுதான் யாரோ தரையைத் துடைத்தது போன்ற ஈரம். பங்களா மொட்டை மாடித் தொட்டியின் வால்வை அடைத்துவிட்டு வந்து, அடுப்படிக் குழாயைத் திறந்து பார்த்தான். சொட்டு இல்லை. ரம்பத்தை எடுத்துப் பைப்பில் வைத்தான்.

டங்.

கையை எடுத்தான். பக்கத்து வீட்டுச் சத்தமோ? அந்த நேரத்தில் வரிசையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிருப்பார்கள்.

டங். டங்.

பைப் அதிர்ந்தது. சத்தம் தரைக்குள்ளிருந்து புறப்பட்டுச் சுவரில் ஏறியது. அடைத்துப் போட்ட இடத்திலிருந்து ஒரு ஆள் முட்டி முட்டி வருவது போல.

குழாய் துப்பியது.

கறுத்த தண்ணீர். சாக்கடை நாற்றம். தண்ணீர் நின்றதும் குழாய் வாயிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் குரல்.

"பயமில்லாமக் குடி."

மாரிச்சாமி ரம்பத்தைக் கீழே போட்டான். அந்த வார்த்தை அவனுடையது.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், இந்த வீட்டில் குடியிருந்த வள்ளிமயில் ஏழு மாத வயிற்றோடு முதலாளியிடம் போய் நின்றாள். தண்ணீர் நாறுகிறது என்று மூன்று முறை சொன்னாள். அவர் மாரிச்சாமியை அனுப்பினார். தோண்டிப் பார்த்தால், பைப் சாக்கடைக்குள் உடைந்து கிடந்தது. "மாத்தணும்" என்றான். "இப்போதைக்கு எதையாவது சுத்து" என்றார் அவர். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டி மண்ணைத் தள்ளி மூடினான். பிறகு அவளிடம் போய்ச் சொன்னான்: "சரியாயிட்டு தாயி. பயமில்லாமக் குடி."

குடித்தாள். ஒரு மாதத்தில் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் செத்தாள். வயிற்றுப் பிள்ளையும் போனது.

"குடி, அண்ணாச்சி," என்றது குழாய்க்குள்ளிருந்த குரல்.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அவன் ஓடவில்லை.

"நாந்தான் சொன்னேன் தாயி," என்று முனகினான். "உடைஞ்சத என் கண்ணால பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

சத்தம் நின்றது. அந்த அமைதியில், இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த கோபம் அவனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகக் கார் ஷெட்டுக்குப் போனான். முதல் குத்தில் இரண்டு டைல்ஸ் சிதறின.

கோபாலசாமி ஓடி வந்தார். "ஏலே! கிறுக்குப் பிடிச்சிட்டா உனக்கு?"

"தள்ளி நில்லுங்க. ரெண்டு உசுரு மேல டைல்ஸ் போட்டு வச்சிருக்கீரு."

அவர் கையைப் பிடிக்க வந்தார். மாரிச்சாமி கடப்பாரையோடு திரும்பிய திருப்பில் பின்வாங்கினார்.

இரண்டடி ஆழத்தில் அவன் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. டியூபை அறுத்தான். உள்ளிருந்து தலைமுடி வந்தது. நீளமாக, நனைந்து, இழுக்க இழுக்க வந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் இன்னும் அதில் இருந்தது.

கோபாலசாமியின் முகம் வெளுத்தது. ஆனாலும், "எவளோ தலை சீவிப் போட்ட முடி. மூடுலே" என்றார்.

"இந்தத் தடவ மூட மாட்டேன்."

மூடவில்லை. பழைய இரும்பைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தான். புதுப் பைப்பைச் சாக்கடைப் பக்கமே விடாமல், தொட்டியிலிருந்து சுவர் மேலேயே கொண்டுபோனான். முதலாளி இரண்டு நாளும் கத்திக்கொண்டே இருந்தார். அவன் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குழாயைச் சரிபார்க்கப் போனான். புதிதாகக் குடிவந்த பிரித்திகா ஆறு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி எப்படி இருக்கு தாயி?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. அந்த அக்காதான் மொதல்ல குடிச்சுப் பார்த்தாவ. 'இனிமே பிள்ளைக்குக் குடுக்கலாம்'னு சொன்னாவ."

"எந்த அக்கா?"

"பக்கத்து வீடுன்னுல்லா நெனச்சேன்? மாசமா இருக்காவ. தலையெல்லாம் நனைஞ்சு போயி..." பிரித்திகா பங்களாவைக் காட்டினாள். "ஒரு செம்ப எடுத்துக்கிட்டு இப்பதான் அங்கன போனாவ. மொதலாளிக்குத் தண்ணி குடுக்கணுமாம்."

மாரிச்சாமி பங்களாவுக்கு ஓடினான். கதவு விரியத் திறந்திருந்தது. மாடிப்படியின் வெள்ளைக் கல்லில் ஈரக் கரிசல் மண் பதிந்த வெறுங்கால் தடங்கள். முதலாளியைக் கூப்பிட வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

தடங்கள் ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.