இடது பின் ஸ்பீக்கர்

இரண்டு பெட்டிகளும் ஒரு ஹெட்போனுமாக அந்த வீட்டுக்கு நான் குடிபோன அன்று, என் மனைவி எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கூடத்தின் கோடியில் மூடிக்கிடந்த கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இது அவரோட ரூம். இதை மட்டும் எதுவும் மாத்த வேணாம்."

அவர் என்றால் அவளுடைய முதல் கணவர். சினிமாவுக்கு ஒலிக்கலவை செய்தவர். தொழிலில் எல்லோரும் 'பாம்புச்செவி' என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடங்களுக்கு முன்னால் அந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கும் ஒலிதான் பிழைப்பு. ஆனால் அவர் செய்ததைச் சுருக்குகிறவன் நான். படங்களின் ஒலியை இணையத்தில் அனுப்பத் தோதாகப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கம்பெனியில், பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி, வேலை பார்க்கிறேன். பெரிய சத்தம் ஒன்று வரும்போது, அதை ஒட்டி வரும் சின்னச் சத்தம் மனிதக் காதுக்குக் கேட்காது. அதைத் தூக்கி எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இருபது வருடமாக இதையே சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.

அந்த அறையில் மத்தியானமும் இருட்டுதான். ஜன்னல்களில் தடித்த கறுப்புத் துணி. நடுவில் ஒற்றை நாற்காலி. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இடமும் வலமுமாக இரண்டு, மூலையில் அடிவயிற்றை அதிர வைக்கும் பருத்த பெட்டி ஒன்று. ஆம்ப்ளிஃபயர் சூடேறினால் தூசி கருகும் மணம் வரும். கூடவே ஷேவிங் லோஷன் வாசனையும் வரும்.

நான் ஷேவிங் லோஷன் போடுவதில்லை.

தினமும் மூன்று மணிக்கு அவள் அங்கே போய் உட்காருவாள். கேட்பது பாட்டு அல்ல. ஒரு மழை நாளில் ஆறு மைக் வைத்து அந்த மனிதர் இந்த வீட்டையே பதிவு செய்திருந்தார். இருபத்துநான்கு பிட். நிசப்தத்துக்குக் கீழேயும் இன்னும் நாலு படி இறங்கிப் பார்க்கக்கூடிய பதிவு. பன்னிரண்டு நிமிடம் மழை பெய்யும், குழாய் சொட்டும், கரண்டி பாத்திரத்தில் படும். வலது முன்பக்கத்திலிருந்து காலடிகள் கிளம்பி, நாற்காலிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து, இடது பின்பக்கம் நிற்கும்.

"இங்கதான் இருக்கேன்."

அவ்வளவுதான். அவள் இடப்பக்கம் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். கல்யாணமாகி ஏழு மாதத்தில் என்னைப் பார்த்து ஒரு நாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கதவிடுக்கில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உயிரோடு இருப்பவனென்றால் சண்டை போடலாம். செத்தவனுக்குத் தொப்பை விழாது, அவன் குறட்டை விடமாட்டான், பாத்ரூம் விளக்கை அணைக்க மறக்கமாட்டான். அவனோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நின்றேன்.

"அந்த மழைப் பதிவு இருக்குற டிஸ்க் எப்ப வேணா செத்துப்போகும். சுருக்கி வேறொண்ணுல வச்சிரலாம். வித்தியாசமே தெரியாது," என்றேன்.

"யாருக்குத் தெரியாது?"

"யாருக்குமே. வேணும்னா கண்ணைக் கட்டிட்டுச் சோதிச்சுப் பாரு."

பாதியாகச் சுருக்கிய நகலையும் மூலத்தையும் மாற்றி மாற்றிப் பத்து முறை போட்டேன். கம்பெனியில் கைதேர்ந்தவர்களே ஐந்தாறு முறைக்கு மேல் சரியாகச் சொன்னதில்லை. இவள் பத்தும் சரியாகச் சொன்னாள்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறே?"

கண்கட்டை அவிழ்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இதுல அவர் மூச்சு விடலீங்க."



அடுத்த ஞாயிறு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பகல் பதினொரு மணி. அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். இந்த முறை கொஞ்சமும் தயவு காட்டவில்லை. பதிவை இருபதில் ஒரு பங்காக நசுக்கினேன்.

போட்டுக் கேட்டேன். மழை கொழகொழவென்று இருந்தது. குழாய் சொட்டியது. கரண்டி பட்டது. காலடி இல்லை. பேச்சும் இல்லை.

அப்படி நடக்கக்கூடாது. எவ்வளவு சுருக்கினாலும் மென்பொருள் பேச்சைத்தான் முதலில் காப்பாற்றும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொழில் பழக்கத்தில் கழித்தும் பார்த்தேன். மூலத்தையும், ஒலியலையைத் தலைகீழாக்கிய நகலையும் ஒன்றாக ஓட்டினால் இரண்டிலும் உள்ளது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சுருக்கும்போது எறிந்தது மட்டும் மிஞ்சும். வழக்கமாக அது வெறும் சலசலப்பாக இருக்கும்.

இதில் சலசலப்பு இல்லை.

மழை இல்லை, குழாய் இல்லை, துடைத்துவிட்டது போன்ற அமைதி. அதில் காலடிகள் மட்டும். வெறுங்கால், ஈரத்தரை. வலது முன்னால் கிளம்பியது. பின்னால் சுற்றியது. இடது தோளுக்குப் பின்னால் நின்றது.

ஒரு மூச்சு.

என் காது மடலில் சூடு பட்டது. ஸ்பீக்கர் ஆறடி தள்ளி இருந்தது.

"எந்திரி."

மூலத்தில் இல்லாத வார்த்தை அது. நாற்காலியிலிருந்து உருண்டு விழுந்தேன். எழுந்து மவுஸைப் பிடித்தேன். அப்போதாவது எல்லாவற்றையும் இருந்தபடி விட்டிருக்கலாம். பொறாமை விடவில்லை. மூலத்தை அழித்தேன். சோதனைக்காக வேறு டிஸ்க்கில் நான் எடுத்து வைத்திருந்த நகலை அழித்தேன். எறிந்த மிச்சத்தையும் அழித்தேன். நசுங்கிய நகலுக்கு மூலத்தின் பெயரை வைத்தேன்.

தொழிலில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். காதுக்குக் கேட்காததை எறிந்துவிட்டோம் என்போம். எங்கே எறிந்தோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் உள்ளே போனாள். கதவிடுக்கில் நின்றேன். பன்னிரண்டு நிமிடமும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்தது. நிசப்தம்.

"இதுல அவர் இல்ல," என்றாள்.

எனக்குள் ஒருவன் விசிலடித்தான்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். சிவப்பு விளக்கு போயிற்று. பிறகு மெல்ல இடப்பக்கம் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"வெளிய வந்துட்டீங்களா?"

அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குப் போவதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. சமையலறையில் சிரிக்கிறாள், துணி மடிக்கும்போது சிரிக்கிறாள். நான் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. செய்ததைக் கண்டுபிடித்துவிட்டாள், கோபம் என்று நினைத்து இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், சாப்பிடும்போது மேஜையில் போனை வைத்துப் பதிவு செய்தேன்.

கேட்டுப் பார்த்தேன். தட்டுச் சத்தம் இருந்தது. அவள் குரல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா... ஆமா, மழை வரும்போல... நாற்காலியைத் துடைச்சு வச்சிருக்கேன்."

நடுநடுவே நான் பேசிய இடங்களில் எதுவும் இல்லை.

போனில் கோளாறாக இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டு கம்பெனிக்கு எடுத்துப் போனேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து அதைச் சுருக்கி, சுருக்கியதை மூலத்திலிருந்து கழித்தேன். மிச்சத்தை ஓட்டினேன்.

என் குரல். தெள்ளத்தெளிவாக, தட்டோ கரண்டியோ எதுவும் குறுக்கே வராமல்.

"இங்க பாரு... என்னைப் பாரு... நான் இங்கதான் இருக்கேன்..."

கத்திக்கொண்டிருந்தேன். மேஜையில் கத்தியதாக எனக்கு நினைவே இல்லை.

அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்குச் சத்தம் தேவையில்லை.

இப்போது மணி மூன்று. மழை பிடித்துவிட்டது. அவள் அந்த அறைக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறாள். நாற்காலியின் இடது பின்பக்கத்தில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் திரும்பவில்லை.

நாற்காலி மட்டும், யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல், ஒருமுறை கிறீச்சிட்டது. ஷேவிங் லோஷன் வாசனை வருகிறது.

"பேசாதீங்க," என்று அதைப் பார்த்து ரகசியக் குரலில் சொல்கிறாள். "பின்னால ஏதோ சத்தம் கேக்குற மாதிரி இருக்கு."

பதில் எனக்கும் கேட்கிறது.

"மழைதான்."