பால் பொங்குவதற்குள்

அவள் விழித்தபோது அடுப்பில் பால் இன்னும் பொங்கியிருக்கவில்லை. ஓரத்தில் மெல்லிய ஆடை சுருங்கத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பிய நர்ஸ், அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றவாக்கிலேயே கண்ணயர்ந்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கனவில் ஒரு மகளைப் பெற்று, பால்குடி மறக்கடித்து, காய்ச்சலுக்குக் கண்விழித்து, முதல் பல் விழும் வயதுவரை வளர்த்துவிட்டாள். நிஜத்தில் அவளுக்குப் பிள்ளை கிடையாது.

கனவு நின்ற இடம்தான் முள்ளாகக் குத்தியது. கண்ணாமூச்சி விளையாட்டு. பீரோவின் அடித்தட்டில் ஒளிந்த மகள் பாதியிலேயே எட்டிப் பார்த்துவிடுவாள் என்று இவளே வெளியிலிருந்து கைப்பிடியைத் திருகிவிட்டு, "எங்க என் தங்கம்? காணோமே!" என்று தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடக்கமாட்டாத சிரிப்பு. அப்போதுதான் பால் வாசனை வந்து எழுப்பிவிட்டது.

"என்ன, நின்னுக்கிட்டே தூங்குறே?" என்று அடுப்பை அணைத்தான் கணவன். அன்று அவனுக்கு விடுமுறை.

"கனவுல நம்ம பொண்ணை பீரோவுக்குள்ள வச்சு அடைச்சிட்டு வந்துட்டேங்க." என்றாள்.

அவன் சிரித்தான். "கனவுப் பொண்ணா? பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சா?"

"சேர்த்துட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தபிறகு அவன் சிரிக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு மறுபடி ஒரு கணம் தலை சாய்ந்தது. அதே வீடு. தரையில் கால் புதையும் தூசி, சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பீரோவுக்குள்ளிருந்து தட்டும் சத்தம். யாராவது வருவார்கள் என்று தட்டுகிற சத்தமல்ல, பழகிப்போன கை தட்டுகிற சத்தம். ஓடினாள். விரல் கைப்பிடியில் படுவதற்குள் கணவன் தோளை உலுக்கினான்.

"பால் ஆறுது. குடிச்சிட்டுப் போய்ப் படு."

அப்போதுதான் புரிந்தது. இவள் விழித்திருந்தாலும் அங்கே காலம் நிற்பதில்லை. இங்கே ஒரு மடக்கு விழுங்கினால் அங்கே ஒரு மழைக்காலம் போய்விடும். பெற்ற மனம் பித்து என்பார்கள். பெறாத மனத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

படுத்தாள். தூக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருக்கும்போதே வரும் தூக்கம், வேண்டும்போது வீம்பு பிடித்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குழாய் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் மகளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. புரண்டாள். எழுந்தாள். தூக்க மாத்திரை ஒன்று போட வேண்டிய இடத்தில் இரண்டாகப் போட்டாள். சாயங்காலம்வரை எழ முடியாது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தேதான் விழுங்கினாள்.

கடைசியில் அந்த வீடு வந்தது. கூரை இல்லை. பீரோ மட்டும் துருவேறி நின்றது. சத்தம் இல்லை.

கைப்பிடியைத் திருகினாள்.

முதலில் வாடை. நைந்த துணி, மூத்திரம், எண்ணெய் காணாத தலைமுடி. அடித்தட்டு முழுக்க நரைமுடி. அதற்குள் ஓர் உடம்பு. வளர இடமில்லாமல் மடிந்து மடிந்து, பீரோவின் மூலைகளுக்கேற்பச் சதுரமாக வளர்ந்த உடம்பு. இவளைவிடக் கிழவி. கையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"தேடினியாம்மா?"

"தேடினேன்டி கண்ணு. தேடிக்கிட்டேதான் இருந்தேன்."

"கண்ணு கூசுது. உள்ள வா."

நீண்ட நகங்கள் மணிக்கட்டைச் சுற்றின. உதற முடியும். பெற்றவள் எப்படி உதறுவாள்? குனிந்து உள்ளே நுழைந்தாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே கைப்பிடி திரும்பியது.

உள்பக்கம் கைப்பிடி கிடையாது.

விழிக்க வேண்டும். கிள்ளினாள். நாக்கைக் கடித்தாள். மாத்திரை விடவில்லை.

எங்கோ மேலே ஒரு முனகல் தொடங்கியது. கணவனின் குரல். கட்டிலருகே குனிந்து அவளைக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறான். இருட்டில் கிழவி இவள் மடியில் தலைவைத்துத் தூங்கினாள், எழுந்தாள், மறுபடி தூங்கினாள். இவளுடைய முழங்கால்கள் மார்போடு ஒட்டிப்போயின. நகங்கள் வளர்ந்து தகரத்தைத் தொட்டன.

அவன் சொல்லத் தொடங்கிய முதல் எழுத்து இன்னும் முடியவில்லை.