கவிழ்த்து வைத்த ரொட்டி

ரொட்டிக் கடையின் தட்டுகள் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தன. மேல்தட்டின் மூலையில் ஒரே ஒரு ரொட்டி மட்டும், வெளிறிய அடிப்பக்கம் மேலே தெரிய, கவிழ்ந்து கிடந்தது.

அர்மான் வெஸ்யேர் முகத்தைச் சுளித்தான். ஒரு ரொட்டியை நேராக வைக்கத் துப்பில்லை, ஊரின் கோட்டை வாசலில் மட்டும் 'அழகிய கிராமம்' என்று பலகை. லியோன் நகரத்தில் குளியலறை ஓடு விற்கிறவன் அவன். எந்தச் சரக்கையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவான். காலையில் பார்த்த ஊரில் லாவெண்டர் சோப்பு, மத்தியானம் பார்த்த ஊரில் வாத்துக் கொழுப்பு டப்பா, இந்த கஸ்தெல்விராக்கில் அக்ரூட் எண்ணெய். மற்றபடி எல்லாம் அதே பழைய கல், அதே ஜெரேனியப் பூ, அதே மூக்கு சிவந்த கிழவர்கள். ஓய்வு நாட்களை இதற்குப் பாழாக்கும் யோசனை மனைவி ஒதிலுடையது.

கடைக்குள் நுழைந்தவன் வணக்கமாக ஒரு 'போன்ஜூர்' சொல்லவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒதில்தான் சொன்னாள். எங்கே போனாலும் அப்படித்தான்.

"அதை எடுங்க," என்றான்.

கடைக்காரி மதாம் ரூக்கெத் மாவுக் கைகளை ஏப்ரனில் துடைத்தாள். "அது விக்கறதுக்கு இல்ல, மெஸ்யே."

"பின்ன, கும்பிடறதுக்கா?"

ஒதில் அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "விடு, அர்மான். கவுத்து வச்ச ரொட்டி தலை வெட்டுறவனோடது. வேற யார் கையும் படக்கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படித்தான் வைப்பாங்க."

"தலை வெட்டுறவனா! இன்னுமா பசிக்குது அவனுக்கு?"

"ஆள் வரட்டும்னுதான் வைக்கறோம்," என்றாள் மதாம் ரூக்கெத். "தினமும் ஒண்ணு. வரலேன்னா பன்னிக்குப் போகும். எடுத்தா வேலையையும் சேர்த்து எடுத்துக்கணும், மெஸ்யே."

"அவ்வளவுதானே?" அர்மான் எட்டி ரொட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "இதோ, இவ கழுத்துலேர்ந்தே ஆரம்பிக்கறேன். காலையிலேர்ந்து நச்சரிச்சுக் கொல்றா."

இந்த ரகத் தமாஷுக்கு லியோனில் அவன் கடைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். மதாம் ரூக்கெத் ஒதிலின் காதுமடலிலிருந்து மழைக்கோட்டின் காலர்வரை, துணி அளப்பதுபோல், ஒருமுறை கண்ணை ஓட்டினாள்.

"சரி," என்றாள். ஆர்டர் எடுத்துக்கொள்கிறவளின் சரி.

அவன் காசை நீட்டினான். அவள் கை பின்னுக்குப் போயிற்று.

வாசலில் ஒதில் வெடித்தாள். "வாயா அது, சாக்கடையா? நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன். நீ அறைக்குப் போ. வழியில யாரையும் கடிச்சு வைக்காதே."

மஞ்சள் மழைக்கோட்டு திரும்பவும் கடைக்குள் போனது. கதவு மணி கிணுங்கியது.

ரொட்டியின் முனையைப் பிய்த்து மென்றபடி அவன் நடந்தான். மூடுபனி இறங்கி, சந்துகளில் விறகுப் புகையும் ஈரக் கல்லின் வாடையும் கலந்து நின்றன. எதிரே வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கித் தொப்பியை எடுத்தார்கள். சந்தைத் திடலில், குழிவிழுந்த பழைய கல் ஒன்றில் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஷூ நாடாவைக் கட்ட அதன்மேல் காலைத் தூக்கி வைத்தான். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. காப்பிக் கடைப் பணிப்பெண் கோப்பையை மேஜையில் வைக்காமல் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். அவன் குடித்து முடித்ததும் இடுக்கியால் அதைத் தூக்கிச் சாக்கடையோரம் போட்டு உடைத்தாள். பட்டிக்காட்டுக் கிறுக்கு, என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் மரியாதை தெரிந்த கிறுக்கு.

தங்கும் விடுதிக்காரன் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தான்.

"உங்க பெட்டி கோட்டை வாசலுக்கு வெளிய போயாச்சு, மெஸ்யே. உங்க வீடு அங்கதான். உங்க ஆளுங்க என்னிக்குமே வெளியதான்."

"என் ஆளுங்களா? உளறாதேய்யா. என் பெண்டாட்டி எங்கே?"

"உங்க மதாம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும்."

கதவு மூடியது. அடுத்தடுத்த வீடுகளின் மரப் பலகைகளும் ஜன்னல்களில் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ரொட்டிக் கடைக்கு ஓடினான், இருட்டு, பூட்டு. கார் கோட்டைக்கு வெளியே நின்றது. ஒதில் அங்கே போயிருப்பாள், கோபித்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருப்பாள் என்று வாசலைத் தாண்டி இறங்கினான். காரில் யாரும் இல்லை. சாவி அவள் கைப்பையில். பின்னால், கனத்த மரக்கதவு, அவசரமே இல்லாமல், மூடிக்கொண்டது.

மதிலையொட்டித் தனியாக ஒரு வீடு. கதவு திறந்திருந்தது. யாரோ கணப்பு மூட்டியிருந்தார்கள், தரையைப் பெருக்கியிருந்தார்கள். ஒரே ஆளுக்கான குறுகிய கட்டில், அதன்மேல் அவன் பெட்டி. புகையின் அடியில் வேறொரு வாடை: காடியும் நனைந்த வைக்கோலும். ஆணியில் ஒரு தோல் ஏப்ரன் தொங்கியது, அவன் உயரத்துக்கு.

ரொட்டியை மேஜைமேல் வைத்தான், நேராக. கதவைத் தாளிட்டுத் திரும்பினான். ரொட்டி கவிழ்ந்திருந்தது.

நிமிர்த்தினான். காற்று, என்று சொல்லிக்கொண்டான். விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினான். கவிழ்ந்திருந்தது. பிய்த்துத் தின்ற முனை பிய்க்காததுபோல் முழுசாக.

வெளியே பாய்ந்து போனில் ஒதிலை அழைத்தான். மணி கேட்டது. போனில் மட்டுமல்ல. கோட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு கையெட்டும் தூரத்தில், அவளுடைய கைப்பேசி பாடிக்கொண்டிருந்தது. யாரோ அணைத்தார்கள்.

"ஒதில்!"

மூச்சு விடும் சத்தம். ஒருவருடையது அல்ல. ஊர் முழுக்கக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பதுபோல.

"தமாஷுக்குச் சொன்னேன்!" இரண்டு கையாலும் மரத்தை அடித்தான். "சும்மா ஒரு பேச்சுக்கு! மன்னிச்சிடுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, தரேன்!"

"கடையில சொன்னது சொன்னதுதான், மெஸ்யே," என்றது மதாம் ரூக்கெத்தின் குரல், அலுப்பாக, கிட்டத்தட்ட இரக்கமாக. "பொழுது விடியட்டும்."

கத்தினான். தொண்டை கட்டும்வரை. மதிலில் ஏறப் பார்த்தான், நகம் பிய்ந்தது. சாலையில் ஓடினான், பனிக்குள் எவ்வளவு ஓடினாலும் அதே வீடு, அதே கணப்பு, அதே திறந்த கதவு.

மதிலுக்குள், திடலில், கல்மேல் எதையோ தேய்க்கும் சத்தம். மெதுவாக. நிறுத்தினார்கள். மறுபடி.

பிறகு ரொட்டி வேகும் மணம்.

பனி வெளுத்தது.

கோட்டைக் கதவு திறந்தது.

இருபுறமும் ஊர். தொப்பிகள் கையில். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடு, என்றான் கால்களிடம். கால்கள் உள்ளே நடந்தன.

திடல். பூந்தொட்டிகளை அகற்றியிருந்தார்கள். குழிவிழுந்த கல். ஈரமாய் மினுங்கும் இரும்பு, பிடி அவன் பக்கமாக.

மஞ்சள் மழைக்கோட்டு.

குப்புற. முகத்தை மூடி ஒரு மாவுச் சாக்கு. அது உப்பியது, ஒட்டியது. உப்பியது. கூந்தலை யாரோ பொறுமையாகச் சீவி, மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். பின்கழுத்து வெளிறி, வானத்தைப் பார்த்திருந்தது.

அலற வாயைத் திறந்தான்.

"போன்ஜூர்," என்றான். எல்லாருக்கும். பணிவாக.

"போன்ஜூர், மெஸ்யே," என்றது ஊர்.

சாக்குக்குள் மூச்சு நின்று, கேட்டது. அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்ட தோள்கள் நிம்மதியில் தளர்ந்தன. கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது. அவன் இடுப்புக்குப் பின்னால், எப்போதோ மாட்டிக்கொண்ட தோல் ஏப்ரனின் வார்களை, அவன் ஒருநாளும் கற்றிராத ஒரு முடிச்சாக, அவன் விரல்கள் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தன.