மஞ்சள் டப்பாவுக்குள் ஒரு பள்ளத்தாக்கு

லெஸ்யாவின் அப்பா தபால் நிலைய வாசலில் உறைபனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மறுநாளே அவர்கள் வீட்டுப் படியில் ஒரு மஞ்சள் டப்பா வந்து உட்கார்ந்திருந்தது.

அது ரொட்டியில் வெண்ணெய்போலத் தடவும் மார்கரின் வந்த பிளாஸ்டிக் டப்பா. ஆனால் உள்ளே மார்கரின் இல்லை. கருஞ்சிவப்பாக, மேலே எண்ணெய் மினுங்க, தளும்பத் தளும்பப் போர்ஷ் என்ற பீட்ரூட் சூப் இருந்தது. மூடியில் ஒட்டியிருந்த தாளில் கொட்டை எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "டப்பாவோட அப்படியே மைக்ரோவேவ்ல வை. மூணு நிமிஷம். தாராஸ்."

தாராஸ் மாமா எதிர்வீட்டுக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். வண்டி ஓடும்போதும் பேசுவார், நிற்கும்போதும் பேசுவார். பிள்ளைகள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு வண்டியோடு பேசுவார்.

லெஸ்யாவின் அம்மாவுக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடும். அதனால் சாயங்காலம் அப்பாவுக்குச் சூப்பைச் சூடாக்கித் தருவது பத்து வயது லெஸ்யாவின் பொறுப்பு. பதினோரு நாள், பதினோரு டப்பா. ஒரு நாள்கூடத் தாராஸ் மாமா தவறவில்லை. வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிர் அடித்த நாளிலும் தவறவில்லை.

பன்னிரண்டாம் நாள், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்க, முந்தின நாளின் காலி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள் லெஸ்யா. உள்பக்கம், சூப்பின் எண்ணெய் நின்ற உயரத்தில், வட்டமாக ஒரு சிவப்புக் கோடு. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. விரலால் தடவினாள். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்றிருந்தது.

குளிர்பெட்டியைத் திறந்து, நிஜமாகவே மார்கரின் இருந்த புது டப்பாவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அது வழவழவென்றிருந்தது.

"அப்பா, புது டப்பா வழவழன்னு இருக்கு. இது சொரசொரன்னு இருக்கு."

"பழசாயிடுச்சு, அவ்வளவுதான்."

"அப்படீன்னா இதுலேர்ந்து கொஞ்சம் எங்கேயோ போயிருக்கணும்ல? எங்கே போச்சு?"

அப்பா வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை நிறுத்தி, அதை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு லெஸ்யாவைப் பார்த்தார்.

"சாப்பிடற நேரத்துலதான் உனக்கு இந்தக் கேள்வியெல்லாம் வருமா?"

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அதே கேள்வியை வேலரி டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கைச் சூடு பண்ணினா, அதுல இருக்கற சில ரசாயனமும், கண்ணுக்கே தெரியாத துணுக்குகளும் சாப்பாட்டுல கலக்கலாம். எண்ணெய் இருந்தா, சூடு அதிகமானா, இன்னும் கூடக் கலக்கும். அது உடம்பை எவ்வளவு பாதிக்கும்னு விஞ்ஞானிங்க இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. முழுசாத் தெரியல. அதனாலதான் சூடு பண்றதுக்குக் கண்ணாடியோ பீங்கானோ நல்லதுன்னு சொல்றாங்க."

"அந்த இடத்தைப் பெருசாக்கிப் பார்க்க முடியுமா டீச்சர்?"

டீச்சர் அலமாரியைத் திறந்தார். வகுப்பின் நுண்ணோக்கி, பெட்டியோடு, திங்கட்கிழமை வரை லெஸ்யாவின் கைக்கு வந்தது. பேருந்தில் அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தாள்.

சனிக்கிழமை காலை டப்பாவில் சிவப்புக் கோடு இருந்த இடத்தை நகம் அளவுக்கு வெட்டினாள். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, திருகை மெல்லத் திருப்பினாள்.

முதலில் வெறும் மங்கல். பிறகு சட்டென்று எல்லாம் தெளிந்தது.

லெஸ்யா இன்னும் கிட்டக் குனிந்தாள்.

அங்கே ஒரு நிலம் இருந்தது. குன்றுகள் இருந்தன. அவற்றின் நிழல்கள் நீளமாக விழுந்திருந்தன. வட்ட வட்டமாகப் பள்ளங்கள், பள்ளத்துக்குள் பள்ளங்கள். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பெரிய வெடிப்பு ஒன்று ஓடியது. அதன் அடியில் பீட்ரூட்டின் சிவப்பு ஆறுபோலத் தேங்கியிருந்தது. யாரும் காலடி வைக்காத ஒரு கிரகம். அதையா இத்தனை நாள் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்?

"அப்பா! வாங்க! சீக்கிரம்!"

"சீக்கிரமா? எனக்கு இருக்கறது இப்போ ஒரு காலுதான்டீ."

அப்பா ஊன்றுகோலோடு தத்தித் தத்தி வந்து குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"அம்மாடி!" என்றார் மெதுவாக. "இது மூணு நிமிஷம், மூணு நிமிஷமாச் சேர்ந்த வேலையா?"

லெஸ்யா புது டப்பாவிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்தாள். அது உறைந்த ஏரி மாதிரி சமமாக, அமைதியாக இருந்தது. மறுபடி பழசு. மறுபடி புதுசு. இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இனிமே கிண்ணத்துல ஊத்திச் சூடு பண்ணிக்கலாம்," என்றார் அப்பா. "ஆனா தாராஸ்கிட்ட வாயைத் திறக்காதே. போன வருஷம் சர்ச் விருந்துல யாரோ அவன் சமையல்ல உப்பு கம்மின்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மாசம் அடுப்பே பத்த வைக்கல. அவ்வளவு ரோஷம்."

"நாம கிண்ணத்துல சாப்பிடுவோம். அவரு?"

அப்பா சன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். இருவருக்கும் தெரியும். தாராஸ் மாமா தனி ஆள். தினமும் மத்தியானம் பேருந்துக் கொட்டகையில் இருக்கும் மைக்ரோவேவில் இதே மாதிரி டப்பாவைச் சூடாக்கி, அதிலேயே சாப்பிடுபவர். இவர்களுக்காவது இரண்டு வாரமாகத்தான். அவருக்கோ வருஷக்கணக்கில் தினம் ஒன்று.

நமக்கு மட்டும் தெரிந்து நாம் மட்டும் தப்பித்துக்கொள்வதா? லெஸ்யாவுக்கு அது பிடிக்கவில்லை.

மத்தியானம் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. மீசை முழுக்கப் பனி ஒட்டிக்கொண்டிருக்க, தாராஸ் மாமா கையில் டப்பாவோடு உள்ளே வந்தார்.

"ரோமன்! இன்னும் கால் கூடலையா? வேலைக்குப் போகாம இருக்கறதுக்கு நல்ல வழி கண்டுபிடிச்சிட்டே! இந்தா, இன்னிக்கு ஹோலுப்சி. கோஸ் இலைக்குள்ள கறியும் சோறும் வச்சு ஒண்ணொண்ணா என் கையால சுருட்டினது!"

லெஸ்யா தொண்டையைச் செருமினாள். "மாமா, உங்க டப்பா..."

"திருப்பித் தரவே வேணாம்! என்கிட்ட இன்னும் அறுபத்துநாலு இருக்கு. ஒண்ணைக்கூட நான் தூக்கிப் போட்டதில்ல!"

"அதில்ல மாமா. நீங்க கொண்டு வர்ற சூப்பு..."

"உப்பு கம்மியா?" மாமாவின் மீசை அப்படியே நின்றது.

"இல்ல இல்ல! உப்பு சரியா இருக்கு!"

மீசை மறுபடி மலர்ந்தது. அப்பா லெஸ்யாவைப் பார்த்துக் கண்ணாலேயே 'விட்டுடு' என்றார்.

லெஸ்யா மேசையைப் பார்த்தாள். நுண்ணோக்கியின் பக்கத்தில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா, ஒரு அதிசயம் காட்டட்டுமா?"

"அதிசயமா? எனக்கா?" தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் குனிந்தார். "ஒண்ணும் தெரியலையே. என் இமைமயிர்தான் தெரியுது. ஆ! இரு, இரு. இது எந்த ஊரு? இப்படிக் குண்டும் குழியுமா... நம்ம ஊர் ரோட்டை எப்போ படம் பிடிச்சே? இதுல என் பஸ்ஸை விட்டா அச்சு முறிஞ்சிடுமே! அடியில என்ன, சிவப்பா ஆறு ஓடுது? எந்த இடம் இது, லெஸ்யா?"

"உங்க டப்பா, மாமா."

தாராஸ் மாமா பேசவில்லை.

குளிர்பெட்டி முனகும் சத்தம் கேட்டது. சன்னல் கண்ணாடியில் பனி மோதும் சத்தம்கூடக் கேட்டது. தாராஸ் மாமா ஒரு வீட்டுக்குள் இருக்கும்போது அந்த ஊரில் யாரும் அந்தச் சத்தங்களைக் கேட்டதே இல்லை.

லெஸ்யா தகட்டை மாற்றினாள். "இது புது டப்பா."

அவர் பார்த்தார். அவரே கையை நீட்டிப் பழைய துண்டை வைத்து மறுபடி பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"இதுலயா நான் உங்க அப்பாவுக்குச் சாப்பாடு குடுத்தேன்?"

"நீங்க குடுத்தது சூப்பு மாமா," என்றாள் லெஸ்யா. "அதுவும் தினமும். இந்தக் குளிர்ல வேற யாருமே வரல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலரி டீச்சர் சொன்னதையெல்லாம் லெஸ்யா அப்படியே சொன்னாள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததை இன்னும் தெரியாது என்றும் சொன்னாள்.

"பயப்பட வேண்டாம் மாமா. கொண்டு வர்றதுக்கு டப்பா இருக்கட்டும். ஆறின சூப்பை அதுல ஊத்துங்க. சூடு பண்றப்போ மட்டும் பீங்கான் கிண்ணத்துல. உங்களுக்கும்தான்."

"எனக்கும்தானா?"

"உங்களுக்குத்தான் முதல்ல."

மாமா மீசையைத் துடைத்துக்கொண்டார். அங்கே ஒட்டியிருந்த பனி எப்போதோ உருகிவிட்டிருந்தது.

"அப்போ என் அறுபத்துநாலு டப்பாவை என்ன செய்யறது?"

"சொரசொரன்னு ஆனதுல எல்லாம் தக்காளி நாத்து போடலாம். மார்ச் மாசம் வரட்டும்."

"ரோமன்," என்றார் மாமா அப்பாவிடம், "உன் பொண்ணு என்னைத் திட்டினாளா, இல்ல விருந்து வச்சாளா? ஒண்ணும் புரியல." பிறகு நாற்காலியை மேசைக்கு இழுத்தார். "இன்னொரு தடவை பார்த்துக்கறேனே!"

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. உப்பை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு கல்லும் கண்ணாடிப் பெட்டி மாதிரி சதுரமாக நின்றது. "இதையா கம்மின்னு சொன்னாங்க!" என்றார். வெங்காயத் தோலை வைத்தார்கள். செங்கல் அடுக்கிய சுவர் தெரிந்தது. தன் மீசையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கி வைத்தார். பனைமரம் போல ஒரு தண்டு தெரிந்ததும் சிரித்துச் சிரித்து இருமினார்.

கடைசியில் லெஸ்யா நுண்ணோக்கியை வெளித் தாழ்வாரத்துக்குத் தூக்கிப்போனாள். தகட்டைக் குளிரில் நன்றாக ஆறவிட்டு, விழுகிற பனியில் ஒரே ஒரு துகளைப் பிடித்தாள். கம்பளி மேலங்கியில் மாமாவும், போர்வையில் அப்பாவும், மூச்சுப் பட்டு உருகிவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு, முறை வைத்துப் பார்த்தார்கள். ஆறு கைகள், ஒவ்வொரு கையிலும் சின்னச் சின்னக் கிளைகள்.

"இது மேல நான் முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன்," என்றார் மாமா, கைக்குட்டைக்குள்ளிருந்து. "ஒரு நாள்கூடக் குனிஞ்சு பார்க்கலையே."

திங்கட்கிழமை காலை பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் ஒரு நீலப் பீங்கான் கிண்ணம், தாராஸ் மாமாவின் கழுத்துத் துணிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. யார் அங்கே உட்காரப் போனாலும், "அது கொட்டகைக்குப் போற கிண்ணம். எழுப்பாதே!" என்று சத்தம் வந்தது.

பள்ளிக்கூடம் வந்ததும் அவர் வழக்கம்போலத் திரும்பிப் போகவில்லை. எஞ்சினை நிறுத்தினார். நுண்ணோக்கிப் பெட்டியை லெஸ்யாவிடமிருந்து வாங்கி, முட்டைக் கூடையைச் சுமப்பதுபோல் வகுப்புவரை சுமந்து வந்தார். அது மேசையில் ஏறியதும் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார்.

அவர் முறை வந்தது. குனிந்தார். நிமிரவே இல்லை.

பின்னால் நின்ற ஆறு வயதுப் பொடியன் அவர் மேலங்கியைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, போதும்! அடுத்தது நான்!"