கருப்புக் குதிரைக்கு ஒரு கேமரா

அப்பாவோடு கடைக்குள் நுழைந்த பிறகும் இலிங்காவின் நினைப்பெல்லாம் குதிரையிடமே இருந்தது.

அவர்களுடைய கருப்புக் குதிரை மூரா எந்த நேரமும் குட்டி போடலாம். மூராவின் லாயம் மலைமேல் இருந்தது, வீடு கீழே. போன வருஷம் மூரா குட்டி போட்டபோது பக்கத்தில் யாருமே இல்லை. குட்டியின் மூக்கை மூடியிருந்த சவ்வைக் கிழித்துவிட ஆள் இல்லாமல், அது மூச்சுத் திணறிச் செத்துப் போனது. இந்த வருஷமும் அப்படி ஆகிவிட்டால்?

வீட்டில் ஆடுகள் ஈனும் காலம் வேறு. மேலேயும் கீழேயும் ஓடி ஓடி அப்பா தோதெர் துவண்டு போயிருந்தார். அதனால்தான் கேமரா. லாயத்தில் மாட்டிவிட்டால் வீட்டில் இருந்தபடியே போனில் பார்க்கலாம்.

கடைக்காரர் கோர்னெல் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்.

"இது ராத்திரி ஆனதும் பளிச்சுனு விளக்குப் போட்டுக் கலர்ல காட்டும், அண்ணே. அது விளக்கே போடாது. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அதுல இருக்கு. படம் கருப்பு வெள்ளைதான்."

"கலரையே குடுப்பா. காசு குடுத்துட்டுக் கருப்பு வெள்ளை பாக்கணும்னு தலையெழுத்தா?" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா! விளக்கு எரிஞ்சா மூரா படுக்க மாட்டா" என்றாள் இலிங்கா.

"குதிரை உங்கிட்ட வந்து சொல்லிச்சாக்கும்?"

"போன வாரம் விளக்கை அணைக்காம வந்துட்டீங்களே, மறந்து போச்சா? காலைல அவ உடம்புல ஒரு வைக்கோல்கூட ஒட்டல. ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருந்திருக்கா!"

அப்பா மீசையைத் தடவினார்.

இலிங்கா விடவில்லை. "மாமா, இருட்டுல கருப்புக் குதிரை தெரியுமா?" என்று கோர்னெலைக் கேட்டாள்.

கோர்னெல் சிரித்துக்கொண்டே தன் கருப்புத் தொப்பியைக் கழற்றினார். கடைக்குப் பின்னால் இருந்த இருட்டு அறையில் அதை வைத்து, விளக்குப் போடாத கேமராவை அதன் பக்கம் திருப்பினார். போனில் தொப்பி தெளிவாகத் தெரிந்தது. அதில் இருந்த ஓட்டைகூடத் தெரிந்தது.

"அட, மானத்தை வாங்கிடுச்சே!" என்றார் கோர்னெல்.

அந்தக் கேமராவையே வாங்கினார்கள். மத்தியானம் அப்பாவும் அம்மாவும் அதை லாயத்தில் மாட்டிவிட்டு வந்தார்கள்.

பொழுது சாய்ந்தது. மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒரே வெள்ளை! பாலைக் கொட்டியதுபோல் திரை முழுக்க வெள்ளை. மூராவையும் காணோம், லாயத்தையும் காணோம்.

"நல்லா தேர்ந்தெடுத்த போ!" என்று அப்பா சலித்துக்கொண்டார். "நாளைக்கே இதைக் குடுத்துட்டு விளக்கு வெச்சதை வாங்கிட்டு வரேன்."

இலிங்காவுக்கு அழுகை முட்டியது. நாளைக்கா? இன்றைக்கே மூரா குட்டி போட்டுவிட்டால்? எல்லாம் தன்னால்தானே? ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை. உற்று உற்றுப் பார்த்தாள்.

அந்த வெள்ளை ஆடியது. நின்றது. மறுபடியும் ஆடியது. வெளியே காற்று வீசும்போதெல்லாம் அது ஆடியது.

"அப்பா, கேமரா கெட்டுப் போகல! முன்னாடி ஏதோ தொங்குது!"

"நான் ஒண்ணும் தொங்க விடலியே."

அம்மா சட்டென்று எழுந்து அடுப்பைக் கிளறப் போனாள்.

"அம்மா?"

"சின்னதா ஒரு சிவப்புக் குஞ்சம்தான் கட்டினேன்" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "அதுவும் ஒரு கண்ணுதானே? ராத்திரி பகலா வயித்துப் பிள்ளைக்காரியையே முறைச்சுப் பாக்குது. கண் பட்டுடாதா?"

அந்த ஊரில் சிவப்புக் குஞ்சம் கட்டாத குதிரையே கிடையாது. ஆனால் கேமராவுக்குக் குஞ்சம் கட்டியது அம்மா ஒருத்திதான். கேமராவின் வெளிச்சம் மூராவரைக்கும் போகாமல், முன்னால் தொங்கிய குஞ்சத்தில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதனால்தான் சிவப்புக் குஞ்சம்கூடத் திரையில் வெள்ளையாகத் தெரிந்தது.

"கேமராவுக்கே திருஷ்டி கழிச்சியா?" அப்பாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இப்பவே போய் அதைப் பிச்சு எறியறேன்!"

அம்மாவின் முகம் வாடிப்போனது.

"எறியாதீங்கப்பா" என்றாள் இலிங்கா. "கேமராவுக்குப் பின்னாடி கட்டிடலாம். அது மறைக்கவும் செய்யாது, மூராவுக்குக் காவலாவும் இருக்கும்."

அப்பாவும் அவளும் டிராக்டரில் மேலே போனார்கள். அம்மா வீட்டிலிருந்து போனில் கத்தினாள். "இன்னும் தள்ளிக் கட்டு... இன்னும்... ஆங், தெரியுது! மூராவோட காது தெரியுது!"

திரும்பி வந்து சோளக்களியும் பாலாடைக்கட்டியுமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலிங்காவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவள் கண் போனிலேயே இருந்தது.

மூரா சுற்றிச் சுற்றி நடந்தது. காலால் தரையைக் கீறியது. பிறகு மெல்ல முழங்காலை மடக்கி, வைக்கோலில் சாய்ந்தது.

"அப்பா! படுத்துட்டா! மூரா படுத்துட்டா!"

அப்பா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். டிராக்டர் சத்தம் மலை ஏறி மறைந்தது.

திரையில் இரண்டு மெல்லிய கால்கள் தெரிந்தன. அப்புறம் ஒரு மூக்கு. அதைச் சவ்வு மூடியிருந்தது. "சீக்கிரம் வாங்கப்பா, சீக்கிரம்!" இலிங்கா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

லாயத்தின் கதவு திறந்தது. அப்பா பாய்ந்து வந்து சவ்வைக் கிழித்தார். குட்டியின் மூக்கைத் துடைத்தார். அதன் விலாவை வைக்கோலால் பரபரவென்று தேய்த்தார். குட்டி அசையவில்லை. இன்னும் தேய்த்தார்.

குட்டி தும்மியது!

அப்பா அப்படியே வைக்கோலில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

"அப்பா அழறாரும்மா."

"பாக்காதடி. அவருக்குப் பிடிக்காது" என்றாள் அம்மா.

இலிங்கா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாகச் சுவரைப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. போனின் ஓரத்தை லேசாகத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

குட்டி அப்பாவின் தொப்பியைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது.