நிறைவுப்படி

தனிஸ்லாஸ் விடிவதற்கு முன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். குடத்து நன்னீரில் ஒரு செம்பு மொண்டு பல் துலக்கினான், மீதியில் முகம் கழுவினான். ஓர் ஆளுக்குத் தேநீர் போட்டான். ரொட்டியைத் தோய்த்துத் தின்றான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். காதுக்குப் பின்னால் தோலைப் பஞ்சால் துடைத்து, டப்பியிலிருந்து வில்லையை எடுத்து ஒட்டினான். பழைய ஒரு ரூபாய்க் காசின் அளவு. தோலின் நிறம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் சம்பளம் ஏறியது.

முதலில் பிடரியில் வெதுவெதுப்பு. அப்புறம் தோள்கள் தளர்ந்தன. யாருக்கோ ஒரு நல்லது செய்துவிட்டு வீடு திரும்பியதைப் போன்ற அமைதி. எதிர்ச் சுவரில் அனிற்றாவின் படம் இருந்தது. மாலை வாடியிருந்தது. அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் தன் மனைவியின் படத்தைப் பார்த்தான். நன்றாக இருந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான்.

தெருமுனையில் தண்ணீர் வண்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் முத்துப்பேச்சி. அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அவர்கள் இருவருக்கும் கரைநிழல் அறக்கட்டளையில் வேலை. வெயில் காலத்தில் தூத்துக்குடி உப்பளங்களில் முற்பகலுக்கு மேல் திறந்த வெளியில் நின்றால் உயிர் தங்காது என்று ஆகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இயந்திரங்களை உப்பு அரித்துத் தின்றுவிடும் என்பதால் ஆட்கள்தான் இன்னும் உப்பு வாருகிறார்கள். அவர்கள் ஓடிவந்து ஒதுங்குவதற்குப் பாத்திகளுக்கு நடுவே குளிர்க்கூடாரங்கள் உண்டு. நிழலகம் என்று பெயர். அவற்றை நடத்துவது கரைநிழல்.

“ஏ தனிஸு, சீக்கிரம் ஏறு. லேட்டாச்சுன்னா செண்பகவடிவம்மா கண்ணாலேயே எரிச்சிரும். வெயிலே தேவல.”

“இன்னைக்கு என்ன கூட்டம்க்கா?”

“கேக்கான் பாரு, ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள மாதிரி. ஒனக்குத்தாம்ல எல போட்டு வச்சிருக்காவ. போயி உக்கார வேண்டியதுதான்.”

அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டி நகர்ந்ததும் அவள் கைப்பேசி அலறியது.

“எம்மா, என் ஐடி கார்டு எங்க?”

“எங்கிட்ட கேட்டா? நான் என்ன கழுத்துல மாட்டிக்கிட்டா திரியுதேன்? அலமாரில பாரு, ஒங்கப்பன் சட்டைக்கு அடியில.”

“இல்ல.”

“கண்ணத் தொறந்து பாருட்டி.”

“இருக்கு.”

முத்துப்பேச்சி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். “அப்படியே அவ அப்பன். மூக்குல இடிச்சாலும் தெரியாது ரெண்டுக்கும்.” சொல்லும்போது முகம் மலர்ந்தது. வில்லை தருகிற மலர்ச்சி அது இல்லை. அதற்கு முன்னமே அவளிடம் இருந்தது. இந்த வேலையில் ஐந்தாறு வருடம் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ஒரு காலத்தில் தொண்டு நிறுவனங்களின் தலைவர்களும் மற்றவர்களைப் போலப் பணமாகவே சம்பளம் வாங்கினார்கள். நன்கொடை கொடுப்பவர்களுக்கு அது உறுத்தியது. கொடுக்கிற பணத்தில் ஏழைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று கேட்டார்கள். இயக்குநர் எந்தக் காரில் வருகிறார் என்று படம் எடுத்துப் போட்டார்கள். நிறுவனங்கள் சம்பளத்தை வெட்டின. நல்ல ஆட்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். ‘பணம் குறைவுதான், ஆனால் மனநிறைவு உண்டு’ என்று ஒவ்வொரு நேர்காணலிலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோயிருந்த வாக்கியத்தை ஒரு மருந்துக் கம்பெனி சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டது. மனநிறைவைக் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற வில்லையாகச் செய்து விற்றது.

அகவிலைப்படி, பயணப்படி என்ற வரிசையில் நிறைவுப்படி வந்தது. பின்னாலேயே சட்டமும் வந்தது. கடைநிலை ஊழியருக்குச் சம்பளம் பாதி பணம், பாதி நிறைவு. பதவி உயர உயரப் பணம் குறையும், நிறைவு கூடும். தலைவருக்குப் பணமே கிடையாது. முழுச் சம்பளமும் காதுக்குப் பின்னால் ஏறும். கொடுப்பவர்கள் குளிர்ந்துபோனார்கள். நன்கொடை கொட்டியது. தலைவர்களிடமிருந்தும் புகார் வரவில்லை. நிறைவாக இருப்பவர்கள் ராஜினாமா செய்வதில்லை. ஊதிய உயர்வு கேட்பதில்லை. விடுமுறைகூடக் கேட்பதில்லை.

ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே இன்னொருவர் சம்பாதிக்கிற வீட்டிலிருந்துதான் தலைவர்கள் வந்தார்கள். அனிற்றா தலைவரானபோது அரிசியும் வாடகையும் தனிஸ்லாஸின் பாதிப் பணத்தில் வந்தன. அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வேறு எதுவுமே அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை. நண்பகலில் பாத்திப் பாத்தியாக நடந்து ஆட்களை நிழலகத்துக்கு விரட்டுவாள். அவளுக்கே தாகம் எடுக்காது. குதிகாலில் உப்பு வெட்டிப் புண் வைத்தது. கடலோரத்தில் அது எல்லோருக்கும் வருவதுதான். மற்றவர்களுக்கு வலிக்கும், மருந்து போடுவார்கள். தனிஸ்லாஸ் பார்த்துப் பதறினான். “நல்லாத்தான இருக்கேன், ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?” என்று அவன் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். கால் கறுத்து, ஒரு நாள் அளத்து வரப்பிலேயே விழுந்தாள்.

மருத்துவமனையில் கிடந்த முதல் நாட்களில் அவள் அமைதியாகவே இருந்தாள். மருத்துவ விடுப்பு தீர்ந்ததும் அலுவலகக் கணினி அவளைச் சம்பளமில்லா விடுப்பில் போட்டது. யாரும் உத்தரவிடவில்லை. விதி அது. வேலை இல்லை, சம்பளம் இல்லை. அன்று காலை அவள் வில்லை அணைந்தது.

வண்டி அலுவலக வாசலில் நின்றது.

கூடத்தில் செண்பகவடிவு அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். கரைநிழலின் நிர்வாகக் குழுத் தலைவி. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் இருப்பவர்கள் ஊழியர்கள் இல்லை, அதனால் வில்லை கிடையாது. மற்ற உறுப்பினர்கள் சுவர்த்திரையில் சின்னச் சின்ன முகங்களாக இருந்தார்கள். ஊழியர்கள் சுவரோரமாக நின்றார்கள்.

“வாங்க தம்பி, உக்காருங்க” என்றார் அவர். “சுத்தி வளைக்க விரும்பல. வெயில் தொடங்கிருச்சு. முழு நிறைவுல ஒரு தலைவர் இல்லாம பதிவு நிக்காது. இன்னைக்குள்ள பேர் குடுக்கணும். குடுக்கலன்னா நாளைக்கு நிழலகத்துக்கெல்லாம் சீல் வச்சிருவாங்க. அந்த ஜனங்க எங்க போவாங்க? நாங்க எல்லாரும் யோசிச்சோம். உங்க பேருதான் வந்துச்சு.”

“எனக்கு நிர்வாகம் தெரியாதும்மா. நான் தண்ணி வண்டில போற ஆளு.”

“அனிற்றா மட்டும் தெரிஞ்சுகிட்டா வந்தாங்க? பழகிக்கலாம்.”

“சம்பளம் பணமா வராது. நான் எதத் திங்க?”

“நிழலகத்துலயே சாப்பாடு இருக்கு. வாடகைக்கு அனுதாப நிதி. ஒத்த ஆளுக்கு என்ன தம்பி செலவு?”

சுவரோரம் யாரோ இருமினார்கள். செண்பகவடிவு அம்மாள் சொன்னது தனக்கே கேட்டதுபோல் கொஞ்சம் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். பாதி நிறைவுல இருந்துகிட்டு இந்தத் துக்கத்தைச் சுமக்கிறீங்க. முழுசுக்கு மாறிட்டா வலியே தெரியாது. எந்த டாக்டரும் இதக் குடுக்க முடியாது.”

அவர் பொய் சொல்லவில்லை. தனிஸ்லாஸுக்கு அது தெரியும். அந்த ஒரு மாதமும் இரவு வில்லையின் வீரியம் இறங்கும்போது ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் வரும். வந்து நிற்கும். முழுவதும் வருவதற்குள் தூங்கிப்போவான். காலையில் சம்பளம் ஏறிவிடும். அவன் இன்னும் ஒரு முறைகூட அழவில்லை.

“எனக்கு வேண்டாம்மா” என்றான். “இருக்கிற பாதியையும் எடுத்துரலாமான்னு கேக்க நினைச்சேன்.”

“எதுக்கு?”

“அழணும்.”

திரையில் இருந்த முகங்களில் ஒன்று குனிந்துகொண்டது. செண்பகவடிவு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி” என்றார் கடைசியில். “கட்டாயப்படுத்த முடியாது. ஆனா அவங்க கடைசியா கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கணும். நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நீங்க யார்கிட்டயும் சொல்லல. ‘சம்பளம் இன்னும் ஏறலையா?’ன்னு கேட்டிருக்காங்க. சாகக் கிடக்கும்போது! தனக்காகவா? பணமே வாங்காத பொம்பள. ஊழியர்களுக்குச் சம்பளம் உயரலையேன்னு அந்த நேரத்துலயும் தவிச்சிருக்காங்க. அதக் கேட்டுத்தான் குழு முடிவு எடுத்துச்சு. புதுத் தலைவர் வந்ததும் எல்லாருக்கும் பணப் பங்க ஏத்துறதுன்னு.”

சுவரோரம் நின்றவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முத்துப்பேச்சி வாய்விட்டே அழுதாள். அழ முடிகிறதே என்று தனிஸ்லாஸ் அவளைப் பார்த்தான்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அம்மா, அவன விடுங்க. பாவம் அவன். நான் எடுத்துக்கிடுதேன்.”

“நீங்களா?”

“ஏன், வண்டி ஓட்டுறவ தலைவராகப்பிடாதா? எங்க வீட்டுக்காரரு துறைமுகத்துல கிரேன் ஓட்டுதாரு. சோத்துக்குப் பஞ்சம் வராது. அளத்துல எல்லா வரப்பும் எனக்குத் தெரியும். அந்தப் புள்ள சாவும்போதுகூட எங்க சம்பளத்தப் பத்திக் கேட்டிருக்கு. நாங்க இதுகூடச் செய்யலன்னா மனுசரா?”

செண்பகவடிவு அம்மாளின் முகத்தில் நிம்மதி பரவியது. திரையில் தலைகள் அசைந்தன. ஊழியர்களில் யாரோ மெதுவாகக் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேசை இழுப்பறையிலிருந்து புது வில்லை வெளியே வந்தது. அவன் அணிந்திருந்ததைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரத்தில் தங்க நிறக் கோடு.

“இப்பமே ஒட்டிக்கிடவா?”

“இப்பவே ஒட்டிக்கலாம். கைநாட்டு வச்சா உடனே ஏறிடும்.”

“இருங்க, எம்மவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருதேன். ஒங்கம்மா டைரக்டருட்டின்னா நம்ப மாட்டா. என்ன வெலைக்கு வாங்குனன்னு கேப்பா.”

கூடம் சிரித்தது. முத்துப்பேச்சி பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்தாள்.

“அக்கா” என்றான் தனிஸ்லாஸ்.

அவள் நிமிர்ந்தாள்.

“அத ஒட்டாதிய.”

“ஏம்ல? ஒனக்கு வேணுமா?” அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அந்த நர்ஸம்மா வாசல்ல நின்னாவ. அவியளுக்குப் பாதிதான் கேட்டுச்சு. சம்பளம் ஒசரலையான்னு அவ கேக்கல. ஏறலையான்னுதான் கேட்டா. நாம காலைல வில்லைய ஒட்டிக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் கேக்கமே, அந்த ஏறலையா. ஒங்களுக்கு வில்லை இல்லம்மா, அதான் மாத்திப் புரிஞ்சிருச்சு.”

செண்பகவடிவு அம்மாள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அன்னைக்குக் காலைல அவளுக்கு நின்னுபோச்சு” என்றான் அவன். “தாகம், கால்வலி, தலைவரா இருந்த மூணு வருசக் களைப்பு, எல்லாம் ஒண்ணா வந்து இறங்குச்சு. அதக்கூடத் தாங்கிட்டா. கத்தவே இல்ல. சாயங்காலம் நான் வேலைய விட்டு நேரா போனேன். பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சேன். ரொம்ப நேரம் என்னையே பாத்தா. தெரியாத ஆளப் பாக்குற மாதிரி இல்ல. நான் யாருன்னு நல்லாத் தெரியுது. எம்பேரச் சொல்லித்தான் பேசுனா.”

அவன் காதுக்குப் பின்னால் கையை விட்டு வில்லையை உரித்தான். தோல் சிவந்திருந்தது. அதை மேசையில் வைத்தான்.

“அப்ப எனக்கு இது ஒட்டியிருந்துச்சு. அவ சொன்னது எனக்கு வலிக்கல. நல்லாத்தான் இருந்துச்சு.”

முத்துப்பேச்சி கைப்பேசியைக் கையில் வைத்தபடி நின்றாள். விரல் பட்டு மகளின் எண்ணுக்கு மணி போயிருந்தது, மறுமுனையில் எடுத்துவிட்டாள். “எம்மா? எம்மா, என்ன?” என்று சின்னக் குரல் கேட்டது.

“என்னல சொன்னா?” என்றாள் முத்துப்பேச்சி.

அவன் சொன்னான். அனிற்றா சொன்னபடியே, அவள் குரலில் இருந்த மரியாதையோடு சொன்னான். அன்று அனிற்றா முதலில் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“சம்பளம் இன்னும் ஏறலையா, தனிஸ்? ஒன்னப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல.”